பட்டை போட்ட கரை

எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, ஆற்றங்கரையில் புதைத்துவிடுவார்கள். பாடை கிடையாது, மேளம் கிடையாது, காரியம் கிடையாது. அப்பன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் போவான். மண்வெட்டியோடு இரண்டு ஆண்கள் பின்னால் போவார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். என் மகளையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். எழுபதுகளின் கடைசியில், பேதி வந்து செத்துப்போனாள். அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள். நான் தெருமுனையில் நின்றேன். என் இரண்டு தோளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ நான் ஓடிப்போய் அவளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்கிற மாதிரி.

நான் கணியம்பாடிப் பக்கம் பிறந்தவள். அங்கே எங்களுக்கு ஏரியும் கிணறும்தான். பாலாற்றங்கரையில் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று என் அப்பா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாதனூருக்குக் கீழே, ஆற்றின் தென்கரையில் இருந்த இந்த ஊருக்கு வந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல்தான். தண்ணீர் வேண்டும் என்றால் மணலைத் தோண்டி ஊற்று பறிக்க வேண்டும். மழைக்காலத்தில் சில வருஷம் வெள்ளம் வரும், சில வருஷம் அதுவும் வராது. வந்தாலும் நாலு நாள் விருந்தாளி போல இருந்துவிட்டுப் போய்விடும். பத்தாவது வரை படித்தவள் என்பதால் எனக்குப் புத்தகத்து ஆறுதான் தெரிந்திருந்தது.

ஊற்றுக்குப் போகும் வழியில்தான் குழந்தைகளைப் புதைக்கிற இடம். முதல் தடவை நானே தேடிக் கண்டுபிடித்தேன். நாய் நரி தோண்டாமல் இருக்க, குழியின்மேல் முள்ளை வைத்துக் கல்லை அடுக்கியிருந்தார்கள். முள் இன்னும் பச்சையாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம், நொச்சிப் புதருக்குக் கீழேதானா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அதன்பிறகு தினமும் குடத்தோடு அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தது வயிற்றில் தங்காது என்றார். பார்க்காமல் இருந்தவர்களுக்கு எல்லாம் தங்கிவிட்டதா என்று கேட்டேன். என் வாய் அப்படி. அடுத்தது பிறக்கவேயில்லை. மாமியாருக்கு அதில் ஒரு நியாயம் கிடைத்தது. எனக்கு அந்த இடம் ஒன்றுதான் மிச்சமானது.

அப்போதெல்லாம் அந்தக் கரை பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். மேலே இரண்டு புங்க மரம். சரிவு முழுவதும் நொச்சி. கரை மணலில் முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு நாணல். வெள்ளம் வரும்போது ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கும். எல்லோரும் நடுவில் மிதந்துபோகிற தென்னை மட்டையையும் பானையையும் பார்ப்பார்கள். நான் கரையைப் பார்ப்பேன், எனக்கு அங்கே வேலை இருந்தது. தண்ணீர் ஏற ஏற நாணல் தலையைச் சாய்த்து மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும். அதன் முதுகின்மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். நொச்சி வளைந்து கொடுக்கும், முறியாது. வெள்ளம் வடிந்தால் எல்லாம் சேறு பூசிக்கொண்டு எழுந்து நிற்கும். ஒரு தடவை நொச்சிக் கொம்பு ஒன்றை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மண்ணை விலக்கிப் பார்த்தால் உள்ளே வேர் சல்லடையாகப் பின்னிக்கிடந்தது. அவள்மேலே இப்படி ஒன்று போர்த்தியிருக்கிறது என்று அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. எங்கள் கரைக்கு மேற்கே இருந்து ஓர் ஓடை வந்து ஆற்றில் விழும். முன்பு அதில் மழைத்தண்ணீர்தான் வருமாம். தோல் பதனிடுகிற டேனரிகள் பெருகப் பெருக, அந்த ஓடையில் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் வந்தது. செம்பழுப்பு நிறம், மேலே நுரை. எங்கள் கரையை ஒட்டியே ஊறிக்கொண்டு போகும். முதலில் ஊற்றுத் தண்ணீர் கரித்தது. குடத்தோடு இன்னும் தூரம் நடந்தோம். அப்புறம் நாணல் நுனி கருகியது. தீ வைத்ததுபோல மேலிருந்து கீழே கருகிக்கொண்டே வந்து, ஒரு கோடையில் நாணல் இருந்த இடத்தில் வெறும் தட்டைகள் நின்றன. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. யாரிடம் சொல்வது? தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் டேனரியில் வேலை செய்தார்கள். என் கணவரே தோல் ஊறவைக்கும் பட்டைத் தொட்டியில் வேலை செய்தவர்தான். நாங்கள் சாப்பிட்ட சோறு அந்த ஓடை வழியாகத்தான் வந்தது.

எதிர்க்கரையில் நாணல் அப்படியே இருந்தது. அங்கே தென்னந்தோப்பு. தோப்புக்காரர் ஒரு தட்டையைக்கூட யாரையும் அறுக்கவிட மாட்டார்.

நடு ஆற்றில் அதே சமயம் வேறொன்று நடந்தது. வேலிக்காத்தான் காயை ஆடு தின்னும். தின்றுவிட்டு மணலில் புழுக்கை போடும். அப்படித்தான் அந்த முள் ஆற்றுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு மழை தப்பிய வருஷங்களில் அது இடுப்பளவு வந்துவிட்டது. காற்றடித்தால் மணல் அதன் அடியில் வந்து ஒதுங்கும். அடுத்து வந்த சின்ன வெள்ளம், முள்ளுக்குள் புகுந்ததும் வேகம் குறைந்து, கொண்டுவந்த வண்டலை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போனது. திட்டு உயர்ந்தது. திட்டு உயர உயர முள் இன்னும் அடர்ந்தது. முள் அடர அடர திட்டு இன்னும் உயர்ந்தது. ஊருக்கு ஒரே சந்தோஷம். விறகுக்கு மலையடிவாரம் வரை போக வேண்டியதில்லை. பெண்கள் எல்லோரும் அரிவாளோடு ஆற்றில் இறங்கினோம். அடியோடு யாரும் வெட்ட மாட்டோம். முழங்கால் உயரம் விட்டு மேல்கிளையை மட்டும் கழிப்போம். அடுத்த வருஷம் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். விறகுக்கு விறகு, திட்டுக்குத் திட்டு.

நடுவில் போக வழியில்லாத தண்ணீர் எங்கே போகும்? இரண்டு பக்கமும் பிரியும். அந்தப் பக்கம் நாணல் நிற்கிறது, தென்னை வேர் நிற்கிறது, தண்ணீருக்குப் பிடி கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் தட்டைகூட இல்லை. அடுத்த வெள்ளத்தில் எங்கள் கரையின் அடியில் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தது. அதற்கடுத்த வெள்ளத்தில் கரையின் கால் கரைந்தது. சரிவாக இருந்த கரை சுவர்போல நின்றது. பீடிகை என்ன, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு என் குழந்தையைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது.

நான் பார்த்ததை என் கணவரிடம் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை, டேனரிக்கு லீவு அன்று, அவரைக் கூட்டிக்கொண்டுபோய்த் திட்டின்மேல் நிற்கவைத்துக் காட்டினேன். இந்த முள்ளை வேரோடு எடுத்துவிட்டால் தண்ணீர் பழையபடி நடுவில் போகும், கரையை விட்டுவிடும் என்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார். அவர் பேசுவது குறைவு. நான் அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவருக்குத் தேவைப்படவில்லை என்று என் அக்கா கேலி செய்வாள். அன்றைக்கு அவரே, பிரசிடெண்டைப் பார்க்கலாம் வா என்றார்.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் தன் நெல் மிஷினுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் பேசினேன். திட்டு, பள்ளம், கரை எல்லாம் சொன்னேன். பாதியில் நிறுத்தாமல் கேட்டார், அதற்காக அவருக்கு ஒரு மரியாதை. கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஊரு அடுப்பு எரியறதே அந்த முள்ளுலதாம்மா. நீயும் அதுலதான் ஆக்கற. ஒரு கொழந்த குழிக்கோசரம் ஊரு அடுப்ப அணைக்கச் சொல்றியே, இது ஞாயமா?"

அவரைத் திட்டலாம் என்று பார்த்தேன். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. காலையில்தான் அந்த விறகில் கஞ்சி வைத்துவிட்டு வந்திருந்தேன். வேண்டுமானால் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கச் சொல்லலாம் என்றால், ரேஷனில் மண்ணெண்ணெய் விளக்குக்கே பற்றவில்லை. என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் அழுதேன். அந்தக் கரையில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவளாவது என்னோடு வந்து பேசுவாள் என்று நினைத்தேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே, "ஆறு எட்த்துனு போனா போவட்டும். நாம வெச்சுனு இருந்தா மட்டும் நம்மளுதா?" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. பிறகு யோசித்தால், அவள் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் முறம் தட்டியிருக்கிறாள்.

என் கணவர் செய்த காரியத்தை இனிமேல் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். பச்சைத்தோல் உப்புப் போட்டு வரும். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரை எடுப்பார்கள். அதற்குப் பிறகு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறவைத்த தொட்டியில் கிடக்கும். அந்தத் தொட்டிதான் இவருடையது. பட்டைத் தண்ணீரில் நின்று நின்று அவருடைய கையும் காலும் முழங்கால் வரை தேக்கு நிறமாகிவிட்டன. கல்யாணத்தின்போதே அப்படித்தான். நான் முதலில் சாயம் என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சாறு இறங்கிப்போன பட்டைச் சக்கையை டேனரிக்குப் பின்னால் மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். தோலிலிருந்து உதறிய உப்பும் அங்கேதான் கொட்டப்படும்.

கணவர் வேலை செய்த இடத்து முதலாளி பாய் நல்ல மனுஷர். இவர் போய், சக்கையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். எடம் காலியானால் எனக்கும் பேஜார் விட்டது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம். என் கொழுந்தனாரிடம் மாட்டுவண்டி இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அண்ணன் தம்பி இருவரும் சக்கையை ஏற்றிக்கொண்டுவந்து கரையடியில் கொட்டினார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டியில் தோலை மிதிப்பதுபோல அதன்மேல் ஏறி மிதித்தார். தண்ணீர் தெளித்து மறுபடியும் மிதித்தார். பள்ளம் தூர்ந்தது. கரைக்குக் கால் முளைத்ததுபோல ஆனது.

கல்லைப் போடலாமே என்று கேட்டேன். கல் உருண்டு போய்விடும், மண் கரைந்துவிடும் என்றார். பட்டை எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"செத்த மாட்டுத் தோலு, ரெண்டு நாள் வெளில கெடந்தா புழு வெச்சுடும். பட்டத் தண்ணில ஊறிச்சுன்னா ஆயுசுக்கும் அழுவாது. தோலே அழுவாதுன்னா மண்ணு எப்பிடி அழுவும்?" என்றார். மிதித்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமலே, "பட்டத் தண்ணி கீழயும் எறங்கும். அவளுக்கும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

அவளைப் புதைத்து எத்தனையோ மழை பெய்துவிட்டது. ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கு அங்கே இனி என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அப்படியே இருந்துவிடக்கூடாதா என்று மனசு ஒரு நொடி எட்டிப் பார்த்தது. ஆயுசு முழுவதும் ஒரே வேலை செய்த மனுஷன், தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைத் தன் பிள்ளைக்குச் செய்கிறான். குடத்தை இறக்கிவைத்துவிட்டு நானும் தண்ணீர் தெளித்தேன்.

ஊரும் அதை நல்ல யோசனை என்றுதான் சொன்னது. அதில் ஆச்சரியம் இல்லை. பாதி ஊர் பட்டையை நம்பித்தான் பிழைத்தது. வெயிலில் சக்கை காய்ந்து, மேலே கறுப்பாகப் பொருக்குத் தட்டியது. தட்டினால் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. தார் ரோடு போட்டதுபோல இருக்கிறது என்று பிரசிடெண்டே வந்து காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். கரை முழுக்க டேனரி வாசனை அடித்தது. குழந்தை இருந்த இடத்துக்குப் போனாலும் இவர் சட்டையின் வாசனைதான். அது எனக்குப் பழகியும் போனது.

மாசி மாதம் நொச்சி இலை பழுத்து மஞ்சளானது. நொச்சி எளிதில் பழுக்காது, ஆடும் தொடாது, கோடையும் தொடாது. நான் அவரிடம் சொன்னேன். வெயில் ஜாஸ்தி என்றார். பங்குனியில் இலை முழுவதும் கொட்டிவிட்டது. பத்து அடி தள்ளி, பட்டை போடாத இடத்து நொச்சி அதே வெயிலில் பச்சையாக நின்றது. நான் போய்த் தலைமாட்டுப் புதரில் ஒரு கொம்பைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேரில் ஒரு பொட்டு மண் இல்லை. வேரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. தோலைக் காப்பாற்றுகிற சமாசாரம் எல்லாம் உயிரோடு இருக்கிறதைக் கொல்லத்தான் செய்யும் என்று எங்கள் இருவருக்கும் முன்பே தோன்றியிருக்க வேண்டும். செத்த தோலுக்குத்தானே அந்த வைத்தியம்? அந்தக் கொம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டேன். எடுத்துப் பார்த்தார். வேரைத் தடவினார். எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி போகவில்லை. போட்டதை அள்ளிவிடலாமா என்று கேட்டேன். அள்ளினால் வெறும் பள்ளம், வெறும் மண், பிடிக்க ஒரு வேர் இல்லை. விட்டால் உப்பு. எதைச் செய்வது என்று தெரியாமலே ஆடி வந்தது, ஆவணி வந்தது.

எண்பதுகளின் நடுவில் அந்த ஐப்பசியில் விடாமல் மழை. மேலே வாணியம்பாடிப் பக்கம் ஏரிகள் நிரம்பி வழிகின்றன என்றார்கள். ஒரு நாள் விடியற்காலம் ஆறு இரைகிற சத்தம் வீட்டுக்குக் கேட்டது. நாங்கள் ஓடிப்போனபோது நன்றாக வெளுத்திருந்தது. மணல் ஒரு பிடிகூடத் தெரியவில்லை, கரைக்குக் கரை செந்தண்ணீர். நடுத்திட்டின் முள் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதில் மோதிய தண்ணீர் அத்தனையும் திரும்பி எங்கள் கரைக்கு வந்தது.

பட்டை நின்றது. தண்ணீர் அதில் மோதி மோதிச் சுழன்றது, அது அசையவில்லை. என் கணவர் என் கையைப் பிடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஊர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். "பாரு, நிக்குது" என்றார். நான் கும்பிட்டேன். எந்தச் சாமியை என்று தெரியாது, பட்டையைத்தான் கும்பிட்டேனோ என்னவோ.

பிறகு பட்டை மிதந்தது. அவ்வளவுதான். சக்கை எடையில்லாத பொருள். கீழே நனைந்து பிடிப்பு விட்டதும், அத்தனை வெள்ளிக்கிழமை மிதியும் ஒரு கறுப்புப் பாய்போல மேலே எழும்பி, மெதுவாகத் திரும்பி, போயிற்று. அது போன இடத்தில் கரை வெறுமனே நின்றது. அடியில் தண்ணீர் குடைந்தது. மேலே ஒரு கீறல் ஓடியது. புங்க மரத்துக்கு இந்தப் பக்கம் ஆரம்பித்து, நொச்சிக் குச்சிகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கீறலுக்குள்ளேதான் அவள் இருந்தாள். கரை பாளம் பாளமாக விழுந்தது. ஒவ்வொன்றும் விழும்போது வயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். என் கணவர் பாய்ந்தார். கொழுந்தனாரும் இன்னொருவரும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். என்னை யாரும் பிடிக்கவில்லை. நான் அசையாமல் பார்த்தேன். ஏதாவது தெரியுமா, ஒரு துணி, ஒரு ஏதாவது தெரியுமா என்று பார்த்தேன். மண்தான் விழுந்தது. எங்கள் வீட்டு மண் மாதிரியே இருக்கிற சாதாரண மண்.

பத்து அடி தள்ளி, யாரும் ஒன்றும் செய்யாத கரை. அங்கே நொச்சி தண்ணீருக்குள் குனிந்துகொண்டிருந்தது. வெள்ளம் வடிந்ததும் சேறு பூசிக்கொண்டு எழுந்து நின்றது. நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒரு வருஷம் கூடுதலாக இருந்திருப்பாள். அதை அவரிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

தண்ணீர் இறங்கியபிறகு பார்த்தால் ஆறே வேறு மாதிரி இருந்தது. நேராகப் போன கரை எங்கள் ஊருக்குள் வளைந்து வந்திருந்தது. ஒரு புங்க மரம் வேரெல்லாம் வெளியே தெரிய அந்தரத்தில் தொங்கியது. நடுத்திட்டு இரண்டு மடங்காகியிருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் திட்டுக்குப் போனேன். பாலாற்று மணல் வெளுப்பு. கரை மண் கறுப்பு. முள்ளின் அடியில் வெளுப்பின்மேல் கறுப்பு படிந்திருந்தது. முதலில் எங்கிருந்தோ வந்த வண்டல் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். வேலிக்காத்தான் தூரெல்லாம் பட்டைச் சக்கை சிக்கிக்கிடந்தது. அவர் மிதித்த பட்டை. எங்கள் கரைதான் இங்கே வந்து இறங்கியிருக்கிறது. முழங்கால் போட்டு உட்கார்ந்து கையால் தோண்டினேன். முள் குத்தியது. மண்ணும் சக்கையும்தான் வந்தன. இருட்டும் முன்னால் பக்கத்து வீட்டு அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாள். அவள் கை விரலிலும் முள் கீறியிருந்ததைப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார். எங்கே போகிறார் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. நான் பின்னால் ஓடினேன். அதற்குள் ஒரு தூரைச் சுற்றிப் பாதி தோண்டிவிட்டார். வெறி பிடித்தவர்போலக் குத்திக்கொண்டிருந்தார். கரையில் நாலு பேர் கூடிவிட்டார்கள். யாரும் தடுக்க வரவில்லை, பிரசிடெண்டுக்கு ஆள் அனுப்பவும் இல்லை. அன்றைக்கு அவரை விட்டிருந்தால் திட்டு முழுவதையும் எடுத்திருப்பார், ஊரும் விட்டிருக்கும். பிரசிடெண்ட் முன்னால் நின்று நான் கேட்டது அதுதானே?

"விடுங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "இதாலதான் எல்லாம்" என்றார்.

"தெரியும். வேர எடுக்காதீங்க. அவ மண்ணு இப்ப இங்கதான் இருக்குது. இந்த முள்ளுதான் புடிச்சுனு இருக்குது. இத எடுத்துட்டீங்கன்னா, அடுத்த தண்ணிக்கி இதுவும் போய்டும்."

கடப்பாரை மண்ணில் குத்தியபடி நின்றது. அவர் கீழே கிடந்த மண்ணைப் பார்த்தார். பட்டைச் சக்கையைப் பார்த்தார், அது தான் கொண்டுவந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே உட்கார்ந்தார். நான் அதற்கு முன்னால் அவர் அழுது பார்த்ததில்லை, குழந்தையைக் கொண்டுபோன அன்றும் பார்த்ததில்லை. நாயைப்போல மூச்சு வாங்கினார். பிறகு தோண்டிய மண்ணை இரண்டு கையாலும் தூருக்கே தள்ளி, மேலே தட்டிவிட்டார்.

ஊரையே கெஞ்சி எதைப் பிடுங்கச் சொன்னேனோ, அதையே பிடுங்காதே என்று அவரைக் கெஞ்சினேன். இப்படி ஒரு நிலைமைக்கு ஆளாக்குகிறதற்குக் கடவுளுக்கு என்ன அவசியம் என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

இரண்டு நாளில் வீட்டில் விறகு தீர்ந்தது. காலையில் அக்கா வாசலில் நின்று, வர்றியா என்றாள். பெண்கள் அரிவாளோடு திட்டில் இறங்கினார்கள். நான் கொஞ்ச நேரம் மணலிலேயே நின்றேன். எனக்கும் சேர்த்து வெட்டித் தருகிறேன் என்று அக்கா சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் முள்ளுக்குள் போனேன். கறுப்பு மண்ணில் காலை வைத்து நின்றுகொண்டு, முழங்கால் உயரம் விட்டு, மேல்கிளையை மட்டும் கழித்தேன். கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அடுப்பு நன்றாக எரிந்தது. அவர் வேலை விட்டு வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சோறு போட்டேன். அடுப்பில் எரிகிற முள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.